உதாரணம் அண்ணாச்சியும் திரித்துவ ஞாயிறும்

கடவுளை டிபன் கேரியருக்குள் அடைத்துக் காட்ட முயன்ற மனிதர் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் உதாரணம் அண்ணாச்சி.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் அவருக்குப் பாத்திரக் கடை. அடுத்த கடை என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு சுவர் உண்டு. அவர் குரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எதைச் சொல்வதானாலும் "எப்பிடின்னா..." என்று இழுத்து, கைக்கு அகப்பட்ட சாமானைத் தூக்கிக் காட்டி விளக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பஸ் பிந்தி வருகிறது என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டால் போதும். "பிந்தி வாரதுன்னா என்னம்மா? எப்பிடின்னா..." என்று இட்லிக் கொப்பரையைத் திறப்பார். அந்தம்மா வாங்க வந்தது ஒரு கரண்டியாக இருக்கும். திரும்பிப் போகும்போது இடுப்பில் கொப்பரையும் இருக்கும். அப்படியொரு வாய்.

உலகத்தில் உள்ளதற்கெல்லாம் உதாரணம் வைத்திருந்தவர் ஒரே ஒரு விஷயத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். திரித்துவம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவர்; ஆனால் கடவுள் ஒருவரே. எங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரம் அது. அஸ்திவாரம் என்பதாலேயே நாங்கள் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. மேலே குடியிருந்துவிட்டுப் போகிறோம். ஆனால் வருடத்தில் ஒரு ஞாயிறு, கத்திரி வெயில் முடிந்தும் முடியாமலும் இருக்கிற நேரத்தில், திரித்துவ ஞாயிறு என்று வந்துவிடும். அன்றைக்கு அதைப்பற்றித்தான் பிரசங்கம்.

சபைக் குருவானவரை எங்கள் பக்கம் 'ஐயர்' என்போம். எந்த ஐயர் மாற்றலாகி வந்தாலும் சரி, திரித்துவ ஞாயிறு நெருங்கினால் ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இன்னொருவருக்கு நாங்குநேரியில் கொழுந்தியாள் கல்யாணம் வந்து நிற்கும். பிரசங்கம் அண்ணாச்சி தலையில் விழும். விழுவதென்ன, அவரே தலையை நீட்டிக்கொண்டு நிற்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அவர் கடை திறந்தார் என்று சொன்னால் பொய்யில்லை. பிரசங்க பீடத்தில் ஏறி நின்று சபையைப் பார்ப்பார் பாருங்கள், புளி போட்டுத் துலக்கின பித்தளைக் குடம் மாதிரி முகம் மின்னும்.

முதலில் வந்தது டிபன் கேரியர். "அடுக்கு மூணு, கேரியர் ஒண்ணு!" என்று பீடத்தில் தூக்கிக் காட்டினார். சபையே தலையாட்டியது. மறுநாள் காதர் பாய் கடைக்கு வந்தார். மேலப்பாளையத்துக்காரர், அண்ணாச்சி கடைச் சரக்கெல்லாம் அவர் ஆட்டோவில்தான் ஏறும், இறங்கும். இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதம்.

"அண்ணாச்சி, கோவப்படாதீய. மேல் அடுக்கத் தனியா எடுத்தா அது தனியாத்தான இருக்கு?"

"ஆமா."

"அப்ப மூணு பாத்திரம்லா ஆச்சு? கம்பி மட்டுந்தான ஒண்ணு?"

அண்ணாச்சி கேரியரைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஆட்டோவ எடும்வே, டவுனுக்குப் போவணும்" என்றார். வாதத்தில் தோற்ற நாளெல்லாம் அவருக்கு டவுனில் ஏதாவது வேலை இருக்கும்.

அடுத்த வருடம் அல்வா. கோதுமைப் பால், சீனி, நெய்; மூன்றும் சேர்ந்தால்தானே அல்வா? வெறுமனே சொல்லாமல், ஆளுக்கொரு துண்டு வாழையிலையில் வைத்துச் சபைக்கே கொடுத்துவிட்டார். வாய் நிறைய அல்வாவோடு இருந்ததால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து திரும்பிய ஐயர்தான் நெற்றியைத் தடவினார். "அண்ணாச்சி, கிண்டி முடிச்சப்புறம் கோதுமை எது, நெய் எது? மூணும் கரைஞ்சு காணாமலே போயிட்டே! இப்படிச் சொன்னவங்களத் திருச்சபை அந்தக் காலத்துலயே தள்ளி வச்சிட்டு."

"தள்ளி வச்சவங்க நம்மூரு அல்வாவத் தின்னுருக்க மாட்டாங்க ஐயரே!"

மூன்றாவதுதான் விபரீதம். தண்ணீர், ஐஸ், ஆவி: பொருள் ஒன்று, நிலை மூன்று. இதற்கு மீன் மார்க்கெட்டில் ஒரு ஐஸ் பாளம் வாங்கி, சாக்கில் சுற்றி, பீடத்தின் மேல் வைத்தார். பக்கத்தில் கரண்டு கெட்டில். முன்னுரை முடிவதற்குள் ஐஸ் உருகிப் படியிறங்கி, முன்வரிசையில் இருந்த கமிட்டிச் செயலாளரின் பட்டு வேட்டிக்குள் புகுந்தது. கோவில் பூராவும் சாளை மீன் வாசம். கெட்டிலைப் போட்டதும் பீஸ் போய், அத்தனை மின்விசிறியும் நின்றுபோயின. பாளையங்கோட்டை வெயிலில் சபையே வேக ஆரம்பித்தது. "ஆவி இப்ப நம்மகிட்டருந்துல்லா வருது" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

செயலாளர் துணிக்கடைக்காரர், வேட்டியின் அருமை தெரிந்தவர். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. முடிவு சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அண்ணாச்சிக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. பீடத்துக்கு எந்தப் பொருளும் கொண்டுவரக் கூடாது. 'எப்பிடின்னா' என்ற சொல் வரக் கூடாது. மீறினால் அதோடு பிரசங்கத்துக்கு முழுக்கு.

"கையக் கட்டிப் போட்டுட்டு நீச்சலடிங்கானுவளே வே" என்று என் கடையில் வந்து உட்கார்ந்தார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. அடுத்த திரித்துவ ஞாயிறு வருவதற்குள் ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கடையில் தனியாக நின்று பேசிப் பழகுவார். பேசப் பேச வலது கை தன் பாட்டுக்கு ஒரு மூடியைத் தேடிப் போகும். இடது கையால் அதைப் பிடித்து இழுப்பார். பார்க்கச் சகிக்காமல் காதர் பாயே உதவிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நம்ம ஆட்டோவச் சொல்லிப் பாருங்களேன். சக்கரம் மூணு, வண்டி ஒண்ணு."

"முன் சக்கரம் மட்டுந்தானவே திரும்பும்? மத்த ரெண்டும் அது பொறத்தால சும்மா உருளும். மூவரும் சமம்லா? அது கள்ள உபதேசம்வே!"

"எங்களுக்கு எல்லாமே அப்பிடித்தான் தெரியுது. ஏதோ நீங்க படுத பாட்டப் பாத்துச் சொன்னேன்."

அந்த ஞாயிறு வந்தது. கோவில் வாசலில், மணியடித்து எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளை அண்ணாச்சியின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே சாவிக்கொத்து, அதில் மூன்று சாவி. எதற்கு வம்பு என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். செயலாளர் பருத்தி வேட்டியில் வந்து, மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணாச்சி பீடத்தில் ஏறினார். வெறுங்கை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூவரும் ஒரே தேவன். எப்பிடி..."

செயலாளரின் விரல் சுவிட்சை அமர்த்தத் தயாரானது. மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. அண்ணாச்சியின் கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"எப்பிடின்னு எனக்குத் தெரியலய்யா" என்றார்.

செயலாளரின் விரல் தளர்ந்தது.

"கேரியரத் தூக்கிட்டு வந்தேன். அல்வாவக் கொண்டாந்தேன். நம்ம செயலாளர் வேட்டியப் பாழாக்கினேன். ஒண்ணும் பொருந்தல. இது மனுசன் இட்டுக்கட்டின விசயமா இருந்தா, இந்நேரம் ஒரு உதாரணம் எனக்கு ஆப்பிட்டிருக்கும். மனுசன் எதக் கட்டினாலும் தனக்குப் புரியுத மாரித்தான கட்டுவான்? இது நாம தேடிப் பிடிச்சது இல்ல. அவரா எறங்கி வந்து, நான் இன்னாருன்னு சொன்னது. சொன்னதுனாலதான் தெரியும். சொல்லாம இருந்திருந்தா, நான் என் கடை வாசலத் தாண்டி ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டேன்."

முன்னால் வரப் பார்த்த வலது கையை இடது கையால் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தேவ ரகசியம்னு வேதத்துல வாசிக்கோம். நான் அதப் பூட்டுன பெட்டின்னு நெனச்சுச் சாவியத் தேடிக்கிட்டு அலைஞ்சேன். பெட்டி தொறந்துதான் கெடக்கு. அள்ள அள்ளத் தீரலங்கதுதான் ரகசியம்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "செயலாளரே, பெட்டின்னு சொன்னது வாய் தவறி வந்திட்டு!"

சபை வெடித்துச் சிரித்தது. செயலாளர் சுவிட்சை விட்டுவிட்டு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவர முழுசா விளங்கினாத்தான் நம்பணும்னு இல்ல. அவரு நம்மள முழுசா விளங்கி வச்சிருக்காரு. அது போதும். ஆமென்."

அவ்வளவுதான் பிரசங்கம். காணிக்கைப் பையை எடுத்து வரக் கோயில்பிள்ளைக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பாதிக் கொட்டாவியில் எழுந்து ஓடினார்.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி நேராகச் செயலாளரிடம் போய் நின்றார். "பெட்டி வந்திட்டே. பீடம் போச்சாய்யா?"

"கமிட்டியில யாராவது கேட்டா, எனக்குக் காது மந்தம்னு சொல்லிக்கிடுதேன். நீங்க இருக்க வரைக்கும் அந்த ஞாயித்துக்கெழம ஒங்களுக்குத்தான்" என்றார் செயலாளர். அண்ணாச்சி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விட வெகு நேரமாயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் காதர் பாய் ஆட்டோவோடு நின்றார். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருக்கிறார்.

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி எனக்கு விளங்குச்சு."

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "திரித்துவமாவே?"

"அது இல்ல. உங்களுக்கே அது விளங்கலங்கது."

"அட போம்வே!"

"நெசமாத்தான் சொல்லுதேன். படைச்சவன் நம்ம மண்டைக்குள்ள முழுசா அடங்கிட்டா அப்புறம் அவன் என்ன படைச்சவன்? அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. மத்ததுல நீங்க உங்க வழி, நான் எம்வழி. ஏறுங்க, டீ குடிப்போம்."

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்தார் அண்ணாச்சி. மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, ஒன்றும் இல்லாததுபோலக் கேட்டார்.

"நேத்து நான் பேசினது நல்லா இருந்துச்சாவே?"

"நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

"நான் பீடத்துல நிக்கதப் பாக்க எப்பிடி இருந்துச்சு? ஒரு உதாரணம் சொல்லும், பாப்போம்."

யோசித்தேன். இவரைப் போல என்று சொல்ல இந்த ஊரில் ஒன்றும் எனக்கு அகப்படவில்லை.