அக்காவின் வானிலை

மனித மனம் உடைவதற்கு முன்பே ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கும் குழு ஒன்று இந்தப் பூமியில் உண்டென்றால் அது எங்கள் குழுதான். விழுந்தவரைத் தூக்குவது பழைய முறை. விழுமுன் தூக்குவது எங்கள் முறை. யாரை, எப்போது, எந்தக் கையால் தூக்குவது என்று திட்டமிடும் வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

‘சமூகம் சார்ந்த மனநல முன்தடுப்பு மற்றும் ஆரம்பநிலைத் தலையீட்டுச் சேவைகள் திட்டக் குழு’ என்பது முழுப்பெயர். கதவு சிறியதாக இருந்ததால் ‘சேவைகள்’ வரை கதவில் எழுதி, மிஞ்சிய ‘திட்டக் குழு’வைப் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தார்கள். கதவைத் திறந்தால் சேவை குழுவை விட்டுத் தனியே போய்விடும்.

‘சமூகம் சார்ந்த’ என்று பெயர் வைத்த பிறகுதான் சமூகத்திலிருந்து ஒருவராவது வேண்டும் என்பது தலைவருக்கு நினைவு வந்தது. எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் என் அக்கா.

“ஏம்மா, உங்க வீட்ல சும்மா இருக்கிறவங்க யாராச்சும் உண்டா?”

“தங்கச்சி இருக்கா சார். படிப்பைப் பாதியில விட்டுட்டா. ஆனா வெளியாள் முன்னாடி வாயே திறக்கமாட்டா.”

“ரொம்ப நல்லதாப் போச்சு.”

அன்று முதல் நான்தான் சமூகம். “சமூகம் வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டம் தொடங்கும். “சமூகத்துக்கு டீ குடுத்தாச்சா?” என்றும் கேட்பார்கள். சமூகத்தின்மேல் அவ்வளவு அக்கறை.

வீட்டில் அக்கா, தலைவரை அப்படியே நடித்துக் காட்டுவாள். இடுப்பில் கை, மூக்கின் நுனியில் கண்ணாடி. “அருமை! எல்லாரும் கைத்தட்டுங்க!” என்பாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடுவேன்.

குழுவின் ஆலோசகர் அம்மையார் வெளியூரில் பயிற்சி பெற்றவர். அவர் கொண்டுவந்த புதுமைக்கு ‘மன வானிலை’ என்று பெயர். கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் மனதுக்குள் இன்று என்ன வானிலை என்று சொல்லவேண்டும்.

“எனக்கு இளவெயில்,” என்பார் தலைவர்.

“எனக்கு வானவில்,” என்பார் ஆலோசகர்.

அக்கா முதலில் “லேசான மேகம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். திட்ட அறிக்கையின் தலைப்பில் ‘தடுப்பு’ முன்னால் வருவதா ‘தலையீடு’ முன்னால் வருவதா என்று தலைவரும் ஆலோசகரும் மோத ஆரம்பித்த பிறகு அது மழையாயிற்று. ஒவ்வொரு மோதலுக்கும் அறிக்கை முழுவதையும் அவள்தான் மறுபடி தட்டச்சு செய்தாள். பகலில் ஆலோசகருக்காக மாற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து விடியவிடிய உட்கார்ந்து தலைவருக்காகத் திருப்பி மாற்றினாள். டீயில் உப்பைப் போட்டாள். அது தெரியாமலே குடித்தும் விட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

தலைவரை நடித்துக் காட்டுவது எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

“அக்கா, ஒருதரம் செஞ்சு காட்டேன்.”

“போடி. வேலை கிடக்கு.”

அடுத்த கூட்டத்தில் அக்காவின் முறை வந்தது. “புயல்,” என்றாள். குரல் உடைந்திருந்தது.

“அருமை!” என்றார் தலைவர். “மனசைத் திறந்துட்டாங்க. எல்லாரும் கைத்தட்டுங்க!”

கைத்தட்டினார்கள்.

“அந்தப் புயலைக் குறிப்புல சேர்த்துடுங்கம்மா. சரி, அடுத்தது?”

அடுத்தது, ஆரம்ப அறிகுறிகள். ஆலோசகர் திரையைக் காட்டி வாசித்தார். “தூக்கம் கெடும். ருசி தெரியாது. தனியா அழுவாங்க. சிரிப்பு நின்னுபோகும்.” அக்கா அத்தனையையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன்.

“சார், சமூகம் கை தூக்குது!” என்று ஆலோசகர் பதறினார்.

“டீ வேணுமாம்மா?”

“இதெல்லாம் ஒருத்தருக்கு இருக்கு சார்,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தலைவர் முகம் மலர்ந்தது. “முதல் பயனாளி! எந்தத் தெரு?”

“இந்த ரூம்தான். எங்க அக்கா.”

அக்கா தலைகுனிந்தாள். தலைவரின் மலர்ச்சி வாடியது. “நம்ம ஆபீஸ் திட்ட எல்லைக்குள்ள வராதேம்மா.”

“அதோட இன்னும் திட்டமே ஆரம்பிக்கலை,” என்றார் ஆலோசகர். “இப்பவே தலையிட்டா ரொம்ப ஆரம்பமாப் போயிடும்.”

“ஆனா விட்டுடக்கூடாது,” என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. “இவங்க விஷயத்தை ஆராய ஒரு துணைக்குழு போடுவோம். அதுக்குக் குறிப்பெழுத…” அறையைச் சுற்றிப் பார்த்தார். கண்கள் வந்து நின்ற இடம், வழக்கமாக நிற்கும் இடம்தான்.

அக்கா எழுந்தாள். விசைப்பலகையைத் தலைவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவு திறந்ததும் ‘சேவை’ எங்களோடு வெளியே வந்தது. குழு சுவரிலேயே நின்றது.

அதன்பிறகு அக்கா தூங்கினாள். விழித்தாள், சாப்பிட்டாள், மறுபடியும் தூங்கினாள். வேலைக்குப் போகவில்லை. தலைவர் தொலைபேசியில் அழைத்தார். அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ள, நான்தான் எடுத்தேன்.

“அக்கா எப்பம்மா வருவாங்க? வருஷ அறிக்கை அனுப்பணும். ‘குழு தடுத்த பாதிப்புகள்’னு ஒரு பக்கம் காலியாவே கிடக்கு.”

“ஒண்ணு தடுத்திருக்கலாம் சார்.”

“அப்படியா? எப்படிம்மா?”

“நீங்க கூட்டம் போடாம இருந்திருந்தா.”

போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, இடுப்பில் கைவைத்த குரல்:

“அருமை! எல்லாரும் கைத்தட்டுங்க!”