மாமனாருக்கு நான் போட்ட ஷிஃப்ட்

பகல்கனவு காண்பவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள். பலனை என் மாமனார் அனுபவித்தார்.

நெய்வேலியில் சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் அப்போது நான் ஆபரேட்டர். (நடையைப் பார்த்தால் ஜெனரல் மேனேஜர் என்பீர்கள்.) அங்கிருந்த ஆபீஸ் மென்பொருள் யாரோ எப்போதோ ஏற்றிய கள்ளக் காப்பி, அரதப் பழசு. அதைத் தூக்கிவிட்டு, சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை இறக்கினேன்.

"காசு குடுக்காம வந்ததுக்கு இன்னாப்பா கேரண்டி?" என்றார் சூப்பர்வைசர்.

"நான்தான் சார் கேரண்டி."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெண் பார்க்கும் படலம். பெண்ணின் அப்பா எங்கள் ஆபீஸ் மூலம் கன்வேயர் பெல்ட்டில் வேலை செய்பவர். ஞாயிறு ஷிஃப்ட் பட்டியலை அடிக்கும்போது அவருக்கு மறக்காமல் லீவு போட்டேன். பட்டியல் அழகாக இருக்கட்டுமே என்று பெயர்களை அகர வரிசைப்படுத்தப் போனேன். சட்டைப்பையில் அவள் போட்டோ. மின்விசிறி மெல்லச் சுற்றியது. மஞ்சள் புடவையில் அவளும் நானும் டவுன்ஷிப் மர நிழலில் நடந்தோம். எங்கள் முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது திரையில் ஏதோ கேள்வி வந்தது. தட்டிவிட்டேன். பெயர்கள் மட்டும் இடம் மாறின, ஷிஃப்ட்டுகள் அப்படியே நின்றன. பார்க்காமலே பட்டியலைக் கேட்டில் ஒட்டினேன்.

ஞாயிறு மாலை பழத்தட்டோடு போனால், பெண்ணின் அப்பா இல்லை. ரெண்டாவது ஷிஃப்ட்டாம். ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி, தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் கரித்தூளுமாக வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளைய சொல்லி இன்னா பண்றது? எல்லாம் அந்த ஓசி சாஃப்ட்வேர் பண்ண வேல. நாளைக்கித் தூக்கிடுவாங்களாம்."

காலையில் பட்டியல் குளறுபடி என்று சூப்பர்வைசர் ஃபோன் செய்தபோது அந்தக் கதையைக் கட்டியவனே நான்தான். கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். கதவோரம் மஞ்சள் புடவை தெரிந்தது. இவளிடம் பொய்யோடு தொடங்க மனசு வரவில்லை.

"அதுமேல தப்பில்லீங்க. பேரை மட்டும் மாத்தவா, ஷிஃப்ட்டையும் சேத்து மாத்தவான்னு அது கேட்டுச்சுங்க. நான்தான் படிக்காம தட்டிட்டேன்."

"ஏன் படிக்கல?"

"உங்க பொண்ணு போட்டோவப் பாத்துகினு இருந்தேங்க."

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் இல்லை.

பெண்ணின் அப்பா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அத்தத் தூக்க வேணாம்னு சூப்பர்வைசர் கிட்ட சொல்லிடறேன். பொண்ணுதான் சிரிச்சிடுச்சே, மேல ஆவ வேண்டியதப் பாருங்க. எனக்கு டூட்டி இருக்குது."

அவர் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் காதுகுத்து, பிறந்தநாள் என்று எதற்கு அழைத்தாலும், வீடே கேட்கும்படி ஃபோனில் முதலில் கேட்பது இதைத்தான்:

"அன்னிக்கி எனக்கு லீவா, ரெண்டாவது ஷிஃப்ட்டா மாப்ள?"