நடக்கப் போனவளுக்கு நடிப்புப் பரிசு

இதயத்துக்கு ஒரு சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிவிட்டால், அதன் பிறகு நம் உடம்பைப் பற்றி நம்மைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கணவருக்குத் தெரியும், பெண்ணுக்குத் தெரியும், மேல் மாடிக்காரிக்குத் தெரியும், பேப்பர் போடுகிறவருக்குக்கூட ஓரளவு தெரியும். "எப்படி இருக்கா?" என்று என் எதிரிலேயே என் கணவரிடம் விசாரிப்பார்கள். நான் பூந்தொட்டி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ("வாடல்லை, துளிர் விட்டிண்டிருக்கேன்" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும்.)

எனக்கு வந்தது மாரடைப்பு இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டாக்குரியாவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அது வெறும் கேஸ் என்கிறார்கள். (கொல்கத்தாவில் எந்த வியாதியும் முதலில் கேஸாகத்தான் பிறக்கும். மேல் மாடி மித்ரா பௌதி, அதாவது மித்ரா அண்ணி, எனக்கு ஊட்டிய ஓமத்தில் ஒரு கடையே வைத்திருக்கலாம்.) உண்மையில் என் இதயம் சும்மா இருக்கும்போதே தறிகெட்டு ஓடும். நான் வங்கியில் என் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒருத்தி டிராமைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள்.

"குழாயில் கோளாறு இல்லை, வயரிங்கில்தான்" என்றார் டாக்டர். தொடை இடுக்கு வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயம்வரை அனுப்பி, வம்பு செய்த இடத்தைச் சுட்டுவிட்டார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் கனம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். சில வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தவர், "இனிமேல் நன்றாகவே நடக்கலாம். எப்போதாவது ஒரு துடிப்பு தாவும், பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

என் கணவர் பாலு அலிப்பூரில் அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உடனே அனுமதித்துப் பழக்கமில்லாதவர். டாக்டர் சொன்னதை அவர் 'பரிசீலனையில்' வைத்தார். நான் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனாலும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார்.

"ஏன்னா, நான் என்ன நடை பழகற கொழந்தையா?"

"டாக்டர் சொல்லிட்டுப் போயிடுவார். ராத்திரி முழிச்சிண்டு உன் மூச்சைக் கேட்டுண்டிருக்கறது யாரு?"

அன்பு வந்து நடு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டால் தாண்டிப் போவது கஷ்டம். ஆனால் நான் தாண்டியே ஆகவேண்டும். வருஷக் கணக்காகக் காலையில் தனியாக லேக்கைச் சுற்றி நடந்தவள் நான். வீடு, வங்கி, சமையல் எல்லாவற்றிலிருந்தும் விலகி அந்த ஒரு பொழுதுதான் என்னுடையதாக இருந்தது. அது எனக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் கை பிடிக்காமல், ஒருவர் பின்னால் வராமல்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பேட்டை கிளப்பின் குளிர்காலப் போட்டிகள் வந்தன. கரண்டியில் கோலிக்குண்டு, சங்கீத நாற்காலி, கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைப்பது எல்லாம் உண்டு. ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு நடைப் போட்டியும் உண்டு. மைதானத்தை இரண்டு சுற்று நடக்க வேண்டும், ஓடக் கூடாது. நான் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். பாலு பொரியலைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பெரிய யுத்தம் நடந்து கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. "முழுசா நடந்து முடிச்சுக் காட்டு. அப்பறம் நீ லேக்குக்குத் தனியாப் போறதைப் பத்தி நான் வாயே திறக்கல்லை. நடுவுல நின்னேன்னா, அந்தப் பேச்சை நீ எடுக்கப்படாது" என்றார். ஜாதவ்பூரில் படிக்கும் எங்கள் பெண் மது சாட்சி. (அவளுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். "அப்பா, பாக்கா கொதா?" என்று கேட்டு வாக்கை உறுதி செய்துகொண்டாள்.)

அன்று காலை பாலு தன் கையாலேயே என்னைத் தயார் செய்தார். ஸ்வெட்டர், சால்வை, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மங்கி தொப்பி. மது வாங்கித் தந்திருந்த ஸ்மார்ட் வாட்சையும் அவரே கட்டினார். நாடித் துடிப்பு எகிறினால் அது அவருடைய போனில் அலறும். குளிர் படக் கூடாது என்று ஸ்வெட்டர் கைக்கு மேலேயும், ரத்த ஓட்டம் தடைபடக் கூடாது என்று தொளதொளவென்றும் கட்டினார். போருக்குப் போகிறவள் கவசத்தைப் பற்றிப் புகார் சொல்வாளா?

விசில் ஊதியதும் சால்வையை முதல் வளைவிலேயே வீசி எறிந்தேன். தொப்பியை அடுத்த வளைவில். கையை வீசிக்கொண்டு நடந்தேன். என்ன சுகம்! இதயம் துடித்தது உண்மை. ஆனால் அது நடக்கிறவளின் துடிப்பு. பழைய தறிகெட்ட ஓட்டம் எனக்குத் தெரியாதா? அதோடு இத்தனை நாள் குடித்தனம் நடத்தியவள் நான்தானே. இரண்டாவது சுற்றில் மித்ரா பௌதி மட்டும்தான் எனக்கு முன்னால் இருந்தாள். அவளும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது பாலுவின் போன் அலறியது. அதைவிட உரக்க பாலு அலறினார்.

"லலிதா! நில்லுடி! நில்லு! நூத்தி எழுபது காட்டறது!"

கோட்டைத் தாண்டி ஓடிவந்தார். பின்னாலேயே கிளப்பே ஓடிவந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லை!" என்று தமிழில் கத்தினேன், "கிச்சு ஹோய் நி!" என்று வங்காளத்தில் கத்தினேன். இதய நோயாளி சொல்வதை எந்த மொழியிலும் யாரும் கேட்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நான்கு பேர் என்னை அதில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். வீசி எறிந்த தொப்பி மறுபடி தலையில் ஏறியது, சால்வை கழுத்துவரை மூடியது. முன்னால் போன மித்ரா பௌதி போட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, தன் குளுக்கோஸ் தண்ணீர் பாட்டிலை என் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். (எதற்கு என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.) பாலு என் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று அழுதபடி கூடவே ஓடிவந்தார்.

ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இத்தனை பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமோ என்று கண்ணைக்கூட மூடிக்கொண்டேன்.

வெளியே போகும் வழி மேடைக்கு முன்னால் இருந்தது. அங்கே 'கோ ஆஸ் யூ லைக்' என்கிற மாறுவேடப் போட்டி தொடங்கியிருந்தது. பழக்காரர், ஜோசியர், பாம்பாட்டி எல்லோரும் வரிசையாக மேடையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் போனோம்.

"ஆஹா! இதோ ருகி! நோயாளி!" என்று மைக் முழங்கியது. கைதட்டல் மைதானத்தை அதிரவைத்தது. "கூட வருகிற கணவரைப் பாருங்கள்! நிஜக் கண்ணீர்! தாருண்! பிரமாதம்!"

"நடிப்பில்லை! என் பொண்டாட்டி! ஹார்ட்!" என்று பாலு கதறினார். கைதட்டல் இன்னும் பலத்தது. நடுவராக இருந்த தெருக்கோடி டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். என் தலைமேல் இருந்த பாலுவின் கை ஜில்லிட்டுப் போயிருந்தது. அந்தப் பயம் நடிப்பில்லை என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதே சமயம் "முதல் பரிசு, நோயாளிக்கே!" என்று மைக் அறிவித்ததும் எனக்குள் ஏதோ கொதித்தது. நோயாளியாக இருப்பதற்கு எனக்குப் பரிசா?

"எறக்குங்கோ" என்றேன். குரலில் என்ன இருந்ததோ, தமிழ் தெரியாத நான்கு பேரும் உடனே இறக்கிவிட்டார்கள்.

டாக்டர் அப்போதுதான் விஷயம் புரிந்து பதறி இறங்கி வந்தார். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார், நெஞ்சில் காது வைக்காத குறை. பிறகு ஸ்வெட்டருக்கு மேல் ஊஞ்சலாடிக்கொண்டிருந்த வாட்சைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "நாடி அருமையாக இருக்கிறது. இது உங்கள் கை வீச்சை அல்லவா எண்ணியிருக்கிறது? யார் இப்படிக் கட்டியது?"

பாலு பானை உடைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்கலாமா, டாக்டர் பாபு?" என்று கேட்டேன்.

"ஏன் கூடாது?"

தொப்பியைக் கழற்றிப் பாலுவின் கையில் கொடுத்தேன்.

"நடுவுல நின்னுட்டியே..." என்று முனகினார்.

"நான் எங்கே நின்னேன்? தூக்கிண்டு போனேள்."

என்னைத் தூக்கிய அதே இடத்துக்குப் போய், மீதிச் சுற்றை நடந்தேன். பாதையில் யாரும் இல்லை, போட்டி எப்போதோ முடிந்துவிட்டது, கோடு போட்ட சுண்ணாம்புகூடக் கலைந்துவிட்டது. மது மட்டும் "ஆரோ ஜோரே, அம்மா! இன்னும் வேகமா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டியபோது யாரும் கைதட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

மைக்கில் அறிவித்தது அறிவித்ததுதான் என்று, முதல் பரிசாக எனக்கு ஒரு எவர்சில்வர் அடுக்கு கொடுத்தார்கள். பாலுவுக்கு, உருக்கமான துணை நடிப்புக்காக, ஒரு சோப்புப் பெட்டி ஆறுதல் பரிசு. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை தனியாக லேக்குக்குப் போனேன். இன்றும் போகிறேன். வழியில் பார்க்கிறவர்கள் இப்போதும் "இந்த வருஷம் என்ன வேஷம், தீதி?" என்று கேட்கிறார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். யார் தலைவலி என்றாலும், யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டாலும், மது தலையைத் தூக்காமல் "முதல் பரிசா, ஆறுதல் பரிசா?" என்று கேட்பாள். சென்னையிலிருந்து பேசும் நாத்தனார்கூட இப்போது அப்படித்தான் நலம் விசாரிக்கிறாள்.

போன வாரம் காலையில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பாலு போர்வைக்குள்ளிருந்து இருமினார். தொண்டை கட்டியிருக்கிறதாம், உடம்பு கதகதவென்று இருக்கிறதாம், யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலையாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"ஆறுதல் பரிசுதான்" என்று சொல்லிவிட்டு, நடக்கக் கிளம்பிவிட்டேன்.