எண்ணெய்ச் சட்டி விஞ்ஞானம்

இனி இந்தக் கையால் பாத்திரம் தேய்ப்பதில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் தீர்மானம் மாறாது.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து பாத்திரம் என் தலையில். இனி நேரமில்லை. விஞ்ஞானத்தை எல்லோருக்கும் எளிமையாகச் சொல்லப் போகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்தவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். அதைக் கற்றுத்தரக் காணொளியும் கட்டுரையும் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. மகள்தான் அப்படி ஓர் இணையப் பாடத்தைத் தேடி அனுப்பினாள். வீடே அதிர வைத்துக் கேட்டேன்.

முதல் பாடத்துக்கு ஒரு பயிற்சி. விஞ்ஞானம் படிக்காத ஒருவருக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். அவர் "புரிந்தது" என்று சொல்வதைப் பதிவு செய்து அனுப்பினால்தான் அடுத்த பாடம் திறக்கும்.

பிரார்த்தனை முடித்து வந்த மனைவியைப் பிடித்தேன்.

"உக்காரு. சோப்பு எப்படிப் பிசுக்கை எடுக்குதுன்னு சொல்றேன். சோப்புத் துகளுக்கு ரெண்டு முனை. ஒண்ணு தண்ணியோட சேரும், இன்னொண்ணு எண்ணெயோட சேரும்."

"உங்க அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல நீங்க இருந்த மாதிரி."

"அதேதான். எண்ணெயைப் பிடிச்சுத் தண்ணியோட இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"நீங்க யாரை இழுத்தீங்க? நழுவித்தானே போனீங்க. புரியலையேங்க."

மறுபடி சொன்னேன். படம் வரைந்தேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"புரியலைன்னா குறை கேக்கறவங்க மேல இல்ல, சொல்றவங்க மேலதான்னு உங்க பாடத்துலயே சொன்னாங்க," என்றாள் சாந்தமாக. "செஞ்சு காட்டணும்னும் சொன்னாங்க."

எனக்கா விளக்கத் தெரியாது? சட்டைக் கையை மடித்தேன். தொட்டி முன் நின்று ஒரு தட்டைத் தேய்த்துக் காட்டினேன்.

"தட்டுல புரியுது. எண்ணெய்ச் சட்டியிலதான் புரியல."

சட்டி தேய்த்தேன். அடுத்து வாணலியில் புரியவில்லை. மூடியில் சந்தேகம். கரண்டியில் குழப்பம். தொட்டி காலியானதும், "நல்லாப் புரிஞ்சிடுச்சு" என்று பதிவுக்குக் கணீரென்று சொன்னாள்.

நெஞ்சை நிமிர்த்தினேன். நான் செய்தது விளக்கம். பாத்திரம் தேய்த்ததில் அது சேராது. தீர்மானம் தீர்மானம்தான்.

கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூடத்தில் மனைவி மகளோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்ட மாதிரியே பாத்துத் தேடி அனுப்பியிருக்கடி. நல்லா இருப்ப. நாளைக்கு எனக்குத் துணி துவைக்கிற விஞ்ஞானம் புரியாது."