ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், அத்தான்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் மிகுந்த பயத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம் என்று எழுதினால் அது பாதி உண்மைதான், அவள் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து வேறு அறைக்குப் போய்ப் படியுங்கள்.

வியாழக்கிழமை உங்களுக்கு ஒரு வங்கியிலிருந்து போன் வரும். ஒரு பெண் பேசுவாள். உங்கள் மைத்துனர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கக் கடன் கேட்டிருக்கிறார், அதற்கு நீங்கள் ஜாமீன் நிற்கிறீர்களா என்று கேட்பாள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், முடியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன், புதன்கிழமை கைக்கு வந்துவிடும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியாததல்ல. இருபத்தேழு வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். ஓட்டக் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். என்னிடம் கற்கும் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'முப்பது'. வேகமானி முள் முப்பதைத் தாண்டினால் பிரேக்கை அழுத்திவிடுவேனாம். எங்கள் வண்டியின் தலையில் இருக்கும் பலகையைப் பார்த்தால் சைக்கிளில் வருகிறவர்கள்கூட அலுத்துக்கொண்டு முந்திப் போவார்கள். இப்படிப்பட்டவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டால் அதற்கும் பள்ளிதான் காரணம். வண்டியைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தப் பழக்குவதற்கென்று நாங்கள் போகும் தெருவில் போன வருடம் பழைய கார் விற்கும் கடை ஒன்று வந்தது. அதன் முன்வரிசையில், கருஞ்சிவப்பில், இரண்டே இருக்கையுடன், தரையோடு தரையாக ஒரு கார் நின்றது. ஒன்பது வயதுக் கார். அதைப் பார்த்த நாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கடை வாசலிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் என்னிடம் படித்தவர்கள் அனைவரும் அந்த ஒரு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை நிறுத்துவார்கள். வேறு எங்கே நிறுத்தச் சொன்னாலும் தடுமாறுகிறார்கள் என்று முதலாளிக்குப் புகார் போயிருக்கிறது.

கடைசியில் கடை விற்பனையாளரே வெளியே வந்துவிட்டார். வெயிலோ மழையோ, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருக்கும் மனிதர், அதனால் நான் அவரைக் கண்ணாடி என்றே சொல்கிறேன். "தினமும் பாக்குறீங்க சார், ஒரு தடவ உக்காந்துதான் பாருங்களேன்" என்றார். உட்காரத்தானே என்று போனேன். அத்தான், அந்தக் காருக்குள் ஏறுவது கிடையாது, இறங்குவதுதான். குனிந்து, மடங்கி, ஒரு காலை உள்ளே விட்டு மறு காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கும் வழி தெரியவில்லை, அதனால் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபது நிமிடம் முப்பதிலேயே போனேன். கண்ணாடி கொட்டாவி விட்டுவிட்டு, "சார், இதுல மொத்தம் ஆறு கியர் இருக்கு, உங்களுக்கு ரெண்டாவதோட அறிமுகம் ஆயிருக்கு" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆற்றுப்பாலம் தாண்டி நேரான சாலை வந்ததும் அழுத்தினேன். முள் எண்பதைத் தொட்டது. யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டுத் திரும்பிப் பார்த்தால் கண்ணாடி சிரிக்கவில்லை, நான்தான். என் சிரிப்பே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பயந்துபோய் ஓரமாக நிறுத்தி, அங்கேயே முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். அது திரும்பக் கிடைக்காத முன்பணம் என்பதை ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் அதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

மீதிக்குத்தான் வங்கி. இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் கடன் வாங்காதவன். ஒவ்வொரு குடும்ப நிகழ்ச்சியிலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தலைமுறையில் ஒரு பைசா கடனில்லாமல் குடித்தனம் நடத்துகிறவன் நான் ஒருவன்தான் என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் பொறுமையாகத் தலையாட்டியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடன் பிரிவுக்குள் நுழைந்தேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் பழைய மாணவி. ஆறு வருடத்துக்கு முன் என்னிடம் கற்றுக்கொண்டபோது முதல் நாளே தபால் பெட்டியில் மோதி அழுதவள். கம்ப்யூட்டரில் என் விவரங்களைத் தட்டினாள், மறுபடியும் தட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள். "உங்களப் பத்தி ஒண்ணுமே வரல சார்" என்றாள். கடனே வாங்கியதில்லை, அதனால்தான் என்று பெருமையாகச் சொன்னேன். "அதான் சார் பிரச்சினை. வாங்கித் திருப்பிக் கட்டினாத்தான் உங்கள நம்பலாமா வேணாமான்னு தெரியும். இந்தக் கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் பொறக்கவே இல்ல" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "பதட்டப்படாதீங்க சார், மெதுவா, மூச்ச இழுத்து விடுங்க, முன்னாடி பாருங்க" என்றாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். அவளுக்கு அது அன்று உதவவில்லை என்பதும் எனக்கு ஞாபகம் வந்தது.

சின்னதாக ஏதாவது பொருளைத் தவணையில் வாங்கி, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினால் பெயர் பதிவாகும் என்று அவள்தான் வழி சொன்னாள். அன்றைக்கே ஒரு வேக்யூம் கிளீனர் வாங்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைப்படி இறங்கும்போதே எனக்கு உறைத்தது. நான் கடன்காரன். சாலையில் போகிறவர்களெல்லாம் என்னையே பார்ப்பது போல இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை வலது பக்கம் திரும்பட்டுமா என்று கேட்டதற்கு இன்னும் ஆறு தவணை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் போய் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கட்டிவிட்டேன். அந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது, காற்றில் நடந்து வங்கிக்குப் போனேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடைச்சிட்டீங்களா? யாரு சார் உங்கள அடைக்கச் சொன்னது? கடனே இல்லாம எப்படி சார் பதிவாகும்?" சரி என்று மறுபடி ஒரு மின்விசிறி. இந்த முறை ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். வீட்டில் இரண்டையும் குலுக்கலில் விழுந்த பரிசு என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவி மின்விசிறிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தவணைச் சீட்டைப் படித்துப் பார்த்தாள்.

இனி இவனிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட வங்கிப் பெண், நல்ல பெயர் உள்ள ஒருவர் ஜாமீன் நின்றால் போதும் என்றாள். வாயில் வந்த முதல் பெயர் உங்களுடையதுதான். அவள் தட்டிப் பார்த்து, "இவரா? இவர் ஜாமீன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பாங்க சார்" என்றாள். உங்களுக்கு வங்கி உலகத்தில் இவ்வளவு மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அப்புறம் இருபத்துமூன்று பக்கத்தை என் முன்னால் வைத்தாள். ஒன்றுவிடாமல் படித்தேன், அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது பதினொன்றாம் பக்கத்தில் இருந்தேன். பறிமுதல் என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. பதினாலாம் பக்கத்தில் கடன் வாங்கியவர் இறந்துபோனால் என்று ஒரு பத்தி. நடுவில நான் செத்துட்டா என்னம்மா ஆகும் என்று கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார், நீங்க நிம்மதியா இருக்கலாம். உங்க ஜாமீன்தாரர்தான் கட்டணும்" என்றாள்.

அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், இந்த வரி எழுதும்போதும் போடுகிறேன். அறுபது மாதம், அத்தான். எனக்கு ஐம்பத்துநாலு. கடைசித் தவணை கட்டும்போது ஐம்பத்தொன்பது. அதற்குள் பள்ளியை மூடினால், என் முழங்கால் மக்கர் செய்தால், அந்தக் கார் நடுவழியில் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் உங்கள் ஓய்வூதியத்தில் ஒரு காருக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அக்கா என் முகத்தில் விழிக்கமாட்டாள். இதற்கெல்லாம் மேலே என் மனைவி. கல்யாணத்துக்கு முன் அவள் அப்பாவிடம் நான் கொடுத்த ஒரே வாக்கு, உங்கள் மகளைக் கடன் கொடுப்பவன் வாசல் ஏறி நிற்க விடமாட்டேன் என்பது. வெள்ளிக்கிழமை வீட்டைப் பார்வையிட வங்கியிலிருந்து ஆள் வருகிறார். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள், வெள்ளிக்கிழமை அரை நாள்தான், கதவைத் திறக்கப்போவது அவளாகத்தான் இருக்கும். அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தால் அந்தக் காரே வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஆனால் என் வாயால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு முறை வங்கி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். ஆசை விடவில்லை என்பதுதான் உண்மை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் என் மானமும் போகாது, ஆசையும் தானாக அடங்கிவிடும். கொஞ்ச நாள் உங்கள்மேல் கோபமாக இருப்பது போல நடிப்பேன், தவறாக நினைக்க வேண்டாம். கடுமையாகவே சொல்லுங்கள். இவனுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்டுவிட்டாலும் சரிதான். இந்த ஒரு உதவியை மட்டும் செய்துவிட்டால் காலமெல்லாம் மறக்கமாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பும் நிறைந்த மனசும் எந்நாளும் இருக்கட்டும், என்னைப் போல ஒரு மைத்துனன் யாருக்கும் வாய்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நிழலில் ஒதுங்கப் பார்க்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போடுமுன் மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி அதைப் படித்து முடித்திருந்தாள். திட்டவில்லை. உள்ளே போய் ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் பள்ளி நாலு மாதம் மூடிக் கிடந்ததே, அப்போது அவள் சிறுசேமிப்பில் வீட்டை ஓட்டினாள் என்று உங்களிடமே பெருமையடித்திருக்கிறேன். அது கடன். குளிர்சாதனப் பெட்டி, மகளின் கல்லூரிக் கட்டணம், ஒழுகிய கூரை, எனக்கு நடந்த குடலிறக்க ஆபரேஷன், எல்லாம் கடன். ஒன்பது கடன், எதிலும் ஒரு தவணைகூட ஒரு நாள் தாமதமில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நாலாம் நாளே வீட்ட வித்தாவது அடைக்கிறேன்னு கெளம்பியிருப்பீங்க. உங்க பயத்துக்கும் சேத்து வட்டி கட்ட என்னால முடியாதுங்க" என்றாள். அவளைக் கடன் கொடுப்பவன் வாசல் ஏற விடமாட்டேன் என்றவன் நான், பதினைந்து வருடம் அவள் எனக்காகத் தனியாகத்தான் ஏறி இறங்கியிருக்கிறாள்.

தனியாக என்று எழுதியது தவறு. ஒன்பதிலும் ஜாமீன் இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நான் கடனில்லாதவன் என்று நீட்டி முழக்கியபோது நீங்கள் எதை மென்று விழுங்கினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. இனி உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. என் மனைவியோ, "கார் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னா வாங்குங்க, வெள்ளிக்கிழமை வர்றவர நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, வங்கியில் கொடுத்தனுப்பிய ஜாமீன் படிவத்தையும் இந்த உறையிலேயே வைத்து, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாள். முடியாது என்று சொல்லச் சொல்லி அத்தானுக்கு எழுதியிருக்கிறேனே என்றேன். அவள் சிரித்தாள். அவளிடம் நீங்கள் அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாமே, அத்தான்.