காதைத் தொட்ட தலைவர்

உடங்காட்டுப்பட்டிப் பஞ்சாயத்துக்கு இருவத்திமூணு வயசுப் பையன் தலைவரா வந்த வரலாறு இது. பையன் பேரு செண்பகராஜ். பாளையங்கோட்டையில பி.ஏ. கடைசி வருசம். டெரிலின் சட்டை, நெத்தியில விழுத முடி, வாயைத் தெறந்தா மேடைப் பேச்சு. ஆடு பத்தும்போதுகூட "அன்பார்ந்த ஆடுகளே"ம்பான்னு ஊர்ல கேலி.

தன் வார்டுல ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சான். தோத்தது பழைய தலைவர் கடற்கரை அண்ணாச்சி. ஜெயிச்ச மெம்பர்க ஏழு பேரும் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒக்காந்தா, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல. 'இவன் வாரதுக்கு அந்தப் பொடியனே வந்து தொலையட்டும்'னு ஆளாளுக்குத் தனித்தனியா நெனச்சதுல, செண்பகராஜ் ஏகமனதாத் தலைவராயிட்டான்.

அவன் ஓட்டுக் கேட்டது கிணத்துக்காக. ஊர்க்கிணத்துல உப்புத்தண்ணி. நல்ல தண்ணிக்குப் பொம்பளைக ரெண்டு மைல் நடக்காங்க. கிணத்தை ஆழப்படுத்த சர்க்கார் உத்தரவு வந்தாச்சு. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள தலைவர் கையெழுத்துப் போடணும். போடலைன்னா உத்தரவு மெட்ராசுக்கே திரும்பிப் போயிரும்.

முப்பதாந்தேதி யூனியன் ஆபீஸுக்குப் போனான். மேனேஜர் சங்கரபாண்டியன் ஒரு ஃபைலைத் தெறந்தாரு. ஆளு உருளை மாதிரி, கழுத்து இருக்கிற அடையாளமே தெரியாது.

"உட்காருங்க தம்பி. கடற்கரைங்கிறவர் மனுப் போட்டிருக்காரு. ரிக்கார்டுப்படி உங்களுக்கு இருவது வயசுதான். இருவத்தொண்ணு ஆகாதவர் பஞ்சாயத்துல உட்கார விதியில்ல."

"சார், எனக்கு இருவத்திமூணு!"

"பள்ளிக்கூட ரிக்கார்டு இருவதுங்குது. நீங்க இருவத்திமூணுங்கிதீங்க. ரிக்கார்டு பொய் சொல்லாது தம்பி. அதுக்கு வாய் கெடையாது."

நம்ம பக்கத்து வழக்கம் தெரியும்லா. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது பெறந்த தேதி கேட்டா, "சோளம் அறுக்கதுக்கு முந்தின வாரம்"னுதான் பதில் வரும். அதனால வாத்தியார், வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடச் சொல்லுவாரு. தொட்டா அஞ்சு வயசு. எட்டலைன்னா, "அடுத்த வருசம் வாலே."

செண்பகராஜுக்குக் கை குட்டை. மூணு வருசம் வந்து வந்து திரும்பி, எட்டு வயசுலதான் காது எட்டுச்சு. அவனுக்கு மூணு வயசு எளையவன் தம்பி வேணுகோபால். அவனுக்குக் கை மொழ நீளம். நாலு வயசுலயே தொட்டான், தொட்டதோட சொறிஞ்சும் காமிச்சான். ஆக, சர்க்கார் ரிக்கார்டுல அண்ணனுக்கு இருவது, தம்பிக்கு இருவத்தொண்ணு.

"உங்க அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. அவர் கையெழுத்துப் போடலாமான்னு பாப்போம்"ன்னாரு மேனேஜர்.

"எனக்கு அண்ணனே கெடையாது."

"வேணுகோபால்னு இருக்காரே?"

"அவன் என் தம்பி சார்!"

"மூத்தவரை அவன் இவன்னு பேசாதீங்க. படிச்ச பிள்ளைக்கு அழகில்ல."

வீட்டுக்கு வந்தா, சேதி முந்திக்கிட்டு வந்திருந்துச்சு. வேணுகோபால் கால்மேல கால் போட்டு ஒக்காந்திருந்தான்.

"ஏலே செண்பகா, அண்ணனுக்கு ஒரு செம்புத் தண்ணி கொண்டா."

"செவுளு பிஞ்சிரும்லே!"

"யம்மா, இவன் பெரியவங்களை மதிக்க மாட்டேங்கான்."

அவங்க அம்மா செண்பகவல்லி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "எனக்கு ஒண்ணும் வெளங்கல. எதுக்கும் ஆபீஸ்ல எவன் மூத்தவன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அவனுக்கு மொதல்ல சோறு போடுதேன்."

மறுநாள் முப்பத்தொண்ணு. செண்பகராஜ் யூனியன் கமிஷனர் ரூமுக்கே போயிட்டான். பின்னாலயே மேனேஜர் ஓடியாந்தாரு.

"ஐயா, என் வயசுக்கு ரிக்கார்டு ஆதாரம். ரிக்கார்டுக்கு என்ன ஆதாரம்? காது! இந்த மேனேஜர் காதைத் தொடட்டும், பாப்போம்."

கமிஷனருக்கு வேலை ஒண்ணும் இல்ல. "தொடுங்களேன்"ன்னாரு.

மேனேஜர் கையைத் தூக்கினாரு. உச்சந்தலை வரைக்கும் வந்துச்சு. அங்கனயே நின்னு போச்சு. உன்னினாரு. சட்டைப் பொத்தான் ரெண்டு தெறிச்சுது. காது எட்டவே இல்ல.

"அஞ்சு வயசே ஆகாதவர் இருவத்தெட்டு வருசமா சர்க்கார் உத்தியோகம் பாக்காரு! குழந்தைகளை வேலைக்கு வைக்க எந்த விதியில எடம் இருக்கு?"ன்னு செண்பகராஜ் சத்தம் போட்டான்.

ஆபீஸ்ல அவனவன் மேசைக்கடியில குனிஞ்சு தன் காதை எட்டிப் பார்த்துக்கிட்டான். பியூன் ராஜமணிக்கு மட்டும் கை தோள் வரைக்கும் போச்சு. அன்னையிலேருந்து எல்லாரும் அவரை "ஐயா"ன்னுதான் கூப்பிட்டாங்க.

கமிஷனர் ஆழ்ந்து யோசிச்சாரு. முறை தப்புன்னு ஒத்துக்கிட்டா ஜில்லாவுல ஒருத்தனுக்கும் வயசு மிஞ்சாது. அதனால முறையை விரிவாக்கினாரு. "காது எட்டினால் ஐந்து. தாடை எட்டினால் இருபத்தொன்று. தோள் எட்டினால் அறுபத்தைந்து. மேற்படி நிரூபணம் அதிகாரி முன்னிலையில் நிகழ்தல் வேண்டும்."

செண்பகராஜ் கையை வளைச்சான். காதோட நின்னுச்சு. கழுத்தை ஒரே ஒடி ஒடிச்சு, தாடையைக் கொண்டுபோயிக் கையில மோதினான்.

"கழுத்தைச் சாய்க்குதான் சார்!"ன்னாரு மேனேஜர்.

"சாய்க்கக் கூடாதுன்னு விதி இல்லையே. நீங்க மொதல்ல அஞ்சு வயசாகுத வழியைப் பாருங்க"ன்னுட்டாரு கமிஷனர்.

சாயங்காலம் அஞ்சடிக்க பத்து நிமிசம் இருக்கையில தலைவர் கையெழுத்துப் போட்டாரு. கிணறு தப்பிச்சுது. கழுத்து மட்டும் ஒரு வாரம் தெக்கயே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

சித்திரை பொறந்துச்சு. கிணத்துல பாறைக்கு வெடி வைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கு. செண்பகராஜ் பஞ்சாயத்து ஆபீஸ்ல, புதுசா அச்சடிச்சு வந்த 'காது தொடு படிவம்' கட்டோட ஒக்காந்திருந்தான். ஆடு மேய்க்கிற ரெங்கம்மா வந்தா. எழுவதுக்குக் கொறையாது. சர்க்கார் குடுக்கிற முதியோர் பென்சனுக்குக் கையெழுத்து வேணும்.

"வயசுக்கு ருசு இருக்கா?"

"என் மூஞ்சியைப் பாரு ராசா."

"மூஞ்சிக்குப் படிவம் இல்ல. வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது தோளைத் தொடுங்க."

"கையைத் தூக்க முடியலன்னுதானய்யா பென்சன் கேக்கேன்."

"தோளும் எட்டல, காதும் எட்டல. படிவப்படி உங்களுக்கு அஞ்சு வயசு ஆகல. அடுத்த வருசம் வாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ரெங்கம்மா கோவப்படல. சேலையை ஒதறி இடுப்புல சொருகினா.

"சரிதாம்லே. அஞ்சு வயசு ஆகாத சிறுக்கி ஒனக்குப் போட்ட ஓட்டு செல்லாதுல்லா? நீ ஒரு ஓட்டுலதான ஜெயிச்ச? அதைக் கழிச்சா நீயும் கடற்கரையும் சமம். எதுக்கும் அவிய கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

தலைவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எந்திரிச்சு கதவைச் சாத்தினாரு. ரெங்கம்மா கையைப் பிடிச்சு அவ தலைக்கு மேல தூக்கப் பார்த்தாரு.

"ஐயோ, செத்தேன்! விடுலே! தொடணும், அம்புட்டுத்தான? ஒன் காதைக் கொண்டா இங்கன!"

குனிஞ்சாரு. ரெங்கம்மா தொட்டா. தொட்டதை லேசுல விடல. ஒரு முழுச் சுத்துச் சுத்தினா.

'தலைவர் முன்னிலையில் காது தொடப்பட்டது. வயது எழுபது. முழுத் திருப்தி.' கண்ணுல தண்ணி வழிய எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. யார் காதுன்னு படிவத்துல கேள்வி இல்ல.

மறுநாள் காலையில ஆபீஸ் வாசல்ல பதினேழு பேரு, வயசை நிரூபிக்க வரிசையில நின்னாங்க. மொதல் ஆளு கடற்கரை அண்ணாச்சி. குளிச்சு, முழுகி, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தாரு. நகம் மட்டும் வெட்டல.