சுண்டல் வரிசையில் நின்று தீக்குழிக்குப் போனது

மாயாண்டி வீடு, பொகவந்தலாவைக்கு மேலே
7-3-1955, திங்கள்

மரியாதைக்குரிய மைத்துனர் நல்லமுத்து அவர்களுக்கு,

உங்களையும் உங்கள் அக்கா நாகலெட்சுமியையும் இறைவன் நலமாக வைத்திருப்பாராக. என் நலத்தை வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் சொல்ல முடியும். அன்று மாலை இந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நான் தீ மிதிக்கிறேன். இன்று காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குக் கூடிய அத்தனை பேர் முன்னிலையிலும் கோயில் தலைவர் ஆண்டியப்பன் இதை அறிவித்தார். ஆகவே செய்தி உறுதியானது.

இதற்கு நீங்களே பொறுப்பு. "மச்சான், கடையில துணி கிழிச்சே தொந்தி போட்டுருச்சு. மூணு நாள் லீவு போட்டு, சைக்கிள்ல போயி, மலையேறி, எங்க சித்தப்பா மகன் மாயாண்டியோட தோட்டத்து லயத்து வீட்டுல தங்கிட்டு வாங்க. கோழிக் குழம்பும் குளுந்த காத்துமா ஆளே மாறிப்போவீங்க" என்றீர்கள். ஹட்டனிலிருந்து நோர்வூட் வரை இறக்கம் என்றது உண்மை. உங்கள் சைக்கிளில் பிரேக் பிடிக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்கப்பால் பொகவந்தலாவை வரை அதை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கடைவீதித் தேநீர்க்கடையில் அதை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் மலையேறினால், வழியெல்லாம் அட்டை. இருட்டும் நேரத்தில் லயத்தை அடைந்தேன். கோயில் முன்னால் தப்பு முழங்க, ஆண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் முடிவில் சுண்டல் கிடைக்கும் என்று நம்பி நானும் நின்றேன். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார். எல்லாக் கோயிலிலும் கட்டுகிற கயிறுதானே என்று கையை நீட்டினேன். பெண்கள் குலவையிட்டார்கள். விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் ஒரு கும்பிடு வேறு போட்டேன்.

மறுநாள் மாயாண்டியின் மனைவி பேச்சியம்மாவிடம் கோழிக் குழம்பு பற்றி மெதுவாக விசாரித்தேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "என்னாண்ணே, வெளையாடுறீங்களா? தீ மிதிக்கக் காப்புக் கட்டிட்டுக் கவிச்சியக் கேக்கலாமா?" அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. உடனே புறப்பட்டேன். மாயாண்டி வாசலை மறித்தார். "காப்புக் கட்டுனவங்க எல்லை தாண்டப்படாது மச்சான். நீங்க பாட்டுக்குப் போயி, நாளைக்கு மலையில கொழுந்து வத்திப்போச்சுன்னா பழிய யாரு சொமக்கிறது? தொரைக்கு யாரு பதில் சொல்றது?" ஒரு தோட்டத்துத் தேயிலை முழுவதற்கும் நான் ஜவாப்தாரியாம்! விடியுமுன் பீலிக் குழாயில் கொட்டும் மலைத் தண்ணீரில் குளியல், ஒரு வேளைச் சோறு, சாக்குப் படுக்கை. லீவும் நேற்றோடு முடிந்தது. முதலாளி தீக்காயத்துக்கெல்லாம் லீவு தருகிற ஆளா?

புதன்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து, எனக்கு நெஞ்சு வலி என்றோ புத்தி சரியில்லை என்றோ எல்லோர் முன்னும் சொல்லி என்னை மீட்டுக்கொண்டு போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
முத்துலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், மாயாண்டி சொல்லி விஷயம் தெரிந்து ஆண்டியப்பன் வந்தார். "டவுன் ஆளு, தெரியாம கைய நீட்டிட்டீங்க. உங்களால ஏலாதுங்க. பூசாரி காப்ப அவுத்துருவாரு, நீங்க போங்க" என்றார். கூட வந்த தப்புக்காரர் சின்னராசா சிரித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "எது ஏலாது? அத்தன பேருக்கு முன்னால என் பேரச் சொல்லிட்டு இப்ப அவுக்கிறதா? கையத் தொட்டுத்தான் பாருங்களேன்!" என்றுவிட்டேன். ஆகவே புதன்கிழமை வர வேண்டாம். வெள்ளிக்கிழமை அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தீக்காய மருந்தை அக்காவுக்குத் தெரியாமல் கொண்டுவரவும். மாலை ஐந்து மணிக்குக் குழியில் இறங்குகிறேன். பாதங்களின் நிலவரம் அதன் பிறகே தெரியவரும்.